டோக்கன் இல்லாத பை

பையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவளுக்குப் புத்தி சொல்லாதது, அந்தத் தெருவில் இஸ்திரிக்காரரின் நாய் ஒன்றுதான். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி என்கிறவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பாடம் நடத்தினார்.

"யாராச்சும் வந்து, 'அம்மா, இந்தப் பொட்டியைக் கொஞ்சம் பிடிங்க, இதோ வந்துடறேன்'னு சொன்னா நீங்க என்ன பண்ணணும்?"

"என்ன பண்ணணும்?"

"கையைப் பின்னால கட்டிக்கணும். பிடிச்சீங்களோ, போச்சு."

எதிர்வீட்டு டீச்சர் பையின் காதில் கட்டிக்கொள்ள ஒரு சிவப்பு ரிப்பன் கொடுத்தார். அங்கே எல்லாப் பையும் கறுப்பாகத்தான் இருக்குமாம், அவரவர் பை அவரவருக்கே தெரியாதாம். இஸ்திரிக்காரர் துணியைத் தேய்த்தபடியே, "கத்திரி, பிளேடு எதையும் கைப்பையில வெச்சுக்காத தங்கச்சி. வாங்கிப் போட்டுருவாங்க, திரும்ப வராது" என்றார்.

அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. முப்பது வருஷமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள். பேன்ட்டுக்கு நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பள்ளிக்கூடச் சீருடை தைப்பது என்று அந்தத் தெருவே அவள் கை வழியாகப் போய்வந்தது. 'தையலக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கத்தரியில்லாமல் வெளியூர் போவது அவளுக்குச் செருப்பில்லாமல் போவது மாதிரி. இருந்தாலும் மெஷின் மேல் அதை வைத்து, பழைய துணியால் மூடிவிட்டுக் கிளம்பினாள்.

போனது உல்லாசத்துக்கு இல்லை. அவள் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷமாக ஒரு தூரத்து நகரத்துத் தொழிற்சாலையில் காவல்காரர். வருஷத்துக்கு ஒரு முறை இருபது நாள் வீட்டுக்கு வருவார். பிள்ளை குட்டி இல்லை. வந்து இருக்கிற நாளில் கதவுக் கீலுக்கு எண்ணெய் போடுவார், மெஷின் பெல்ட்டை மாற்றுவார், "ஏய், உப்பு எங்க?", "ஏய், துண்டு எங்க?" என்று வீடு முழுக்க 'ஏய்' ஒலிக்கும். பிறகு போய்விடுவார். அந்த வருஷம் அவர் வருவதற்குப் பதில் ஆபீஸிலிருந்து ஒரு போன் வந்தது. வேலை முடிந்து அறைக்குப் போகிற வழியில் விழுந்துவிட்டாராம். மண்டைக்குள் ரத்தம் கசிந்ததாம். உயிருக்குப் பயமில்லை, உடம்பு தேறிவிட்டது, ஆனால் ஞாபகம் சரியில்லை, வந்து விமானத்தில் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள்.

ரயிலில் இரண்டு நாள் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தாள். திரும்பும்போது ரயில் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவ்வளவு நேரம் குலுங்கினால் ஆபத்து. விமானத்தில் இரண்டு மணி நேரம், அதுவும் இன்ன தேதிக்குள் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தத் தேதி தாண்டினால் மறுபடி படம் எடுத்து, மறுபடி சேர்த்து, மறுபடி பார்த்துத்தான் சொல்ல முடியுமாம்.

அறை என்றால் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடத்தில் ஏழாவது கதவு. இரண்டு கட்டில், ஒரு ஸ்டவ், சுவரில் நான்கு ஆணி. மற்ற கட்டில் தொழிற்சாலை கேன்டீன் சமையல்காரருடையது. பத்து வருஷமாக இருவரும் ஒரே அறை. அவர்தான் ஸ்டேஷனுக்கு வந்து அவளை அழைத்துப் போனார். மழை பிடித்துக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளியதும், கட்டில் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர், மடியிலிருந்த காக்கிப் பையை இடுக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"வாங்கம்மா. யாரைப் பார்க்கணும்?"

அவள் சிரித்துவிட்டாள். அவர் அப்படி விளையாடுகிற ஆள்தான். "ம், மாப்பிள்ளை பார்க்க வந்தேன்" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. சமையல்காரரைப் பார்த்து, "ஆபீஸ்லேர்ந்தா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அண்ணே, நல்லாப் பாருங்க. அண்ணி வந்திருக்காங்க."

"யாரோட அண்ணி?"

மழைக்கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்த சமையல்காரரின் கை பாதியில் நின்றது. அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஞாபகம் சரியில்லை என்றால், சாவியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் போவது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சாவிக்குப் பதிலாக நாம்தான் தொலைந்திருப்போம் என்று யாருக்குத் தோன்றும், சொல்லுங்கள்?

அந்த அறையில் ஐந்து நாள் இருந்தாள். சமையல்காரர் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டார். காலையில் அவள் கஞ்சி காய்ச்சி ஆற்றிக் கொடுப்பாள். "ரொம்ப நன்றிம்மா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்று வாங்கிக்கொள்வார். முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் நன்றி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. கேட்கவேண்டும் என்று ஒரு காலத்தில் ஆசைப்பட்டதும் உண்டு. இப்போது ஒவ்வொரு 'நன்றிம்மா'வும் வாசற்கதவை மரியாதையாகச் சாத்துகிற மாதிரி இருந்தது. 'ஏய்' என்று ஒரு தடவை கத்தினால் போதும் என்று தவித்தாள். உப்பே போடாமல் ஒரு நாள் கஞ்சி கொடுத்துப் பார்த்தாள். "நல்லா இருக்கும்மா" என்று குடித்துவிட்டுக் கிண்ணத்தையும் அவரே கழுவி வைத்தார்.

அந்தப் பையை மட்டும் அவளைத் தொட விடவில்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை திறப்பார். உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகக் கட்டில் மேல் எடுத்து வைப்பார், பார்ப்பார், அதே வரிசையில் திரும்ப அடுக்குவார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் பை மறுபக்கம் போய்விடும். தூங்கும்போது அதன் வார் அவர் மணிக்கட்டில் சுற்றியிருக்கும். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, சமையல்காரரின் கிழிந்த சட்டைகளைக் கையால் தைத்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். தகரத்தில் மழை விழுந்தால் பேச வேண்டியதில்லை. மழை நின்றுவிட்டால்தான் கஷ்டம்.

"அவர் மேல கோவப்படாதீங்க" என்றார் சமையல்காரர் ஒருநாள், வாசற்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே. "பையின்னா அண்ணனுக்கு உசுரு. என்ன வேலை பார்த்தார்னு உங்ககிட்டச் சொல்லியிருக்காரா?"

"காவல் வேலைன்னு தெரியும்."

"காவல்னா கம்பு வெச்சுக்கிட்டு நிக்கிறதில்ல. கேட்டுக்குப் பக்கத்துல பை வைக்கிற ரூம். ரெண்டாயிரம் பேரு உள்ள போவான். ஒரு பை உள்ள போகக் கூடாது. எல்லாத்தையும் அண்ணன்தான் வாங்கி வெச்சு டோக்கன் குடுப்பார். சாயங்காலம் டோக்கனைக் காட்டினாத்தான் பை. ஒரு தடவை மேனேஜரே வந்து, 'நான்தான்யா மேனேஜர், என் பையைக் குடு'ங்கிறார். 'மேனேஜர் யாருன்னு தெரியுது சார், டோக்கன் எங்க?'ன்னாரே பார்க்கணும்! அந்த ஆளு மறுபடி மாடிக்குப் போய் மேஜையெல்லாம் துழாவி எடுத்துட்டு வந்தாரு. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு பை மாறல."

"வீட்டுல கதவைப் பூட்டாமத் தூங்குவார்" என்றாள் அவள்.

"வீட்டுல நீங்க இருக்கீங்கள்ல" என்று சொன்னவர், சொன்னதும் வெங்காயத்தைச் சாக்கு வைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடிதத்தின் கடைசி நாளுக்குத்தான் விமானத்தில் இடம் கிடைத்தது. காலை பதினோரு மணிக்கு விமானம். அன்று மதியமே அந்தக் கட்டிலுக்குப் புதுக் காவல்காரர் வருகிறார் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். 'ஊருக்குப் போகிறோம், உங்க சம்சாரத்தைப் பார்க்க' என்று சமையல்காரர்தான் சொல்லி அவரைக் கிளப்பினார். பொய்யில்லை அது. "இந்த அம்மாவும் அங்கதான் போறாங்க. தனியாப் போறாங்க. ஒத்தாசையா இருங்கண்ணே" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அதுக்கென்ன, கூட்டிட்டுப் போறேன்" என்று பெரிய மனிதர் மாதிரி தலையாட்டினார் அவர்.

விமான நிலைய வாசலோடு சமையல்காரரை நிறுத்திவிட்டார்கள். உள்ளே போக டிக்கெட் வேண்டும். அவர் ஒரு பொட்டலத்தை அவள் கையில் திணித்தார். ரொட்டியும் இரண்டு வேகவைத்த முட்டையும்.

"அண்ணி, அவர் சாப்பிட மாட்டேன்னா, 'கேன்டீன்ல குடுத்தனுப்பினாங்க'ன்னு சொல்லுங்க. சாப்பிடுவார்." பிறகு அவரைப் பார்த்து, "வரேண்ணே" என்றார்.

"சரி சரி, ராத்திரி ரூம்ல பார்ப்போம்" என்றார் அவர்.

 கண்ணாடிக் கதவு மூடிய பிறகும், சமையல்காரர் ஈரச் செருப்போடு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே தரை தண்ணீர் மாதிரி பளபளத்தது. கவுன்ட்டரில் அவர் தகராறு செய்யவில்லை. யூனிபாரம் போட்டவர்கள் கேட்டால் கார்டைக் காட்ட வேண்டும் என்பது அவருக்கு மறக்கவில்லை. ஒரு கையால் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். மறு கை பையை விடவில்லை. அவளுடைய பைக்குள் அவளுக்கு ஒரு மாற்றுத் துணி, மருந்து, டாக்டர் கடிதம், அவ்வளவுதான். டீச்சரின் ரிப்பன் மட்டும் கல்யாணப் பெண் மாதிரி ஆடிக்கொண்டு வந்தது.

சோதனை நடக்கிற இடத்தில்தான் எல்லாம் நின்றுபோனது.

வரிசை நீளம். ஆட்கள் பெல்ட்டைக் கழற்றுகிறார்கள், வாட்சைக் கழற்றுகிறார்கள், பையை ஒரு தட்டில் வைத்துத் தள்ளுகிறார்கள். ரப்பர் திரையை விலக்கிக்கொண்டு அது ஒரு மெஷினுக்குள் போகிறது. கொண்டையை இறுக்கிப் போட்டிருந்த ஒரு சோதனைப் பெண் தட்டை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"பையை வைங்க ஐயா."

"டோக்கன்?"

"என்னது?"

"டோக்கன் குடுங்கம்மா. வைக்கிறேன்."

"டோக்கனெல்லாம் இல்லைங்க. அந்தப் பக்கம் வந்துடும், எடுத்துக்கலாம்."

அவர் எட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பைகள் வருகின்றன, ஆட்கள் எடுத்துக்கொண்டு போகிறார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. அவர் முகத்தில் நிஜமான அதிர்ச்சி.

"எவன் வேணா எதை வேணா எடுத்துட்டுப் போறான். கேட்கிறதுக்கு நாதியில்ல. இதுக்குப் பேரு காவலா?"

பின்னால் நின்ற ஒருவர், "பெரியவரே, பிளைட்டுக்கு நேரமாகுது" என்றார். இன்னொருவர், "இவரோட பையில என்ன, ராஜா வீட்டு நகையா?" என்றார். வரிசையில் சிரிப்பு.

அவள் முன்னால் வந்தாள். "என்கிட்டக் குடுங்க. நான் வைக்கிறேன்" என்று கையை நீட்டினாள். அதுதான் தப்பாகிவிட்டது. அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார்.

"நீங்க யாரும்மா? நானும் பார்த்துட்டே இருக்கேன், அஞ்சு நாளா என் பை மேலயே உங்க கண்ணு. நல்ல பொம்பளைன்னு நெனச்சேன்."

சிரிப்பு நின்றது. எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. பால்காரர் எச்சரித்தாரே, பெட்டியோடு வந்து ஏமாற்றுகிற ஆள் என்று, அந்த ஆளைப் பார்க்கிற பார்வை. அவளுக்குக் காது மடல் சுட்டது. மேலதிகாரி ஒருவர் வந்துவிட்டார்.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"சம்சாரம்ங்க."

"என் சம்சாரம் ஊர்ல இருக்கா சார்" என்றார் அவர், பொறுமையாக, தகவல் கொடுக்கிற மாதிரி. "தையல் மெஷினை விட்டு எழுந்திருக்க மாட்டா. அவளாவது, பிளேன் ஏறுறதாவது."

மேலதிகாரி அவளுடைய கார்டை வாங்கிப் பார்த்தார், அவருடையதையும் பார்த்தார். இரண்டிலும் இருந்த பெயரைப் பார்த்தார். டாக்டர் கடிதத்தைப் படித்தார். குரல் இறங்கியது, ஆனால் சொன்னது இறங்கவில்லை.

"புரியுதும்மா. ஆனா பை மெஷினுக்குள்ள போகாம நான் அனுப்ப முடியாது. பலவந்தமா வாங்கவும் முடியாது, இவர் உடம்புக்கு ஏதாவது ஆகும். ஒத்துழைக்கலைன்னா விமானத்துல ஏத்த மாட்டாங்க. இந்த லெட்டர் வேற இன்னியோட முடியுது."

"எவ்வளவு நேரம் இருக்குங்க?"

"இருபது நிமிஷம்."

இருபது நிமிஷத்துக்குப் பிறகு என்ன? அறைக்குப் போனால் கட்டில் இல்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே மனிதர் இந்நேரம் கேன்டீனில் உலை வைத்திருப்பார். வீட்டுக்காரர் அங்கே பையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் இங்கே நின்றாள். இடையில் மூன்று அடி. உரிமையோடு கையைப் பிடித்து இழுக்க முடியாத மூன்று அடி.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் பையைத் தர மாட்டேன் என்று சொல்லவே இல்லையே. டோக்கன் கொடு, தருகிறேன் என்றுதானே சொன்னார்?

"அம்மா, ஒரு காகிதமும் பேனாவும் குடுங்களேன்" என்றாள் சோதனைப் பெண்ணிடம்.

தைக்க வருகிற துணிக்கு அவள் சீட்டு போடுவது வழக்கம். ஒரே காகிதத்தில் மேலே ஒரு எண், கீழே அதே எண். நடுவே கையால் கிழிப்பாள். கத்தரியால் வெட்டினால் எல்லா ஓரமும் ஒன்று போலத்தான் இருக்கும். கையால் கிழித்த ஓரம் தன் ஜோடியோடு மட்டும்தான் பொருந்தும். ஒரு பாதி துணியில், மறு பாதி ஆளிடம். எண் அழிந்து போனாலும் ஓரம் காட்டிக் கொடுத்துவிடும். அதே மாதிரி நாற்பத்தொன்று என்று இரண்டு தடவை எழுதிக் கிழித்தாள். தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். ஆனால் அவரிடம் நீட்டவில்லை.

"நீங்க குடுங்கம்மா. உங்க சட்டைக்குத்தான் அவர் மரியாதை குடுப்பார்."

சோதனைப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு நிமிஷம் மேலதிகாரியைப் பார்த்தாள். அவர் கண்ணைக் காட்டினார். அவள் நிமிர்ந்து நின்றாள்.

"ஐயா, டோக்கன் நாப்பத்தொண்ணு. ஒரு பாதி பையில குத்தறேன். ஒரு பாதி உங்ககிட்ட. சரிபாருங்க."

அவர் இரண்டு பாதிகளையும் வாங்கி, ஓரத்தோடு ஓரம் வைத்துப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"பித்தளையில போடணும். காகிதம் நனைஞ்சிடும்" என்றார். "பரவால்ல. முறைன்னு ஒண்ணு இருக்கே." சோதனைப் பெண் ஒரு பாதியைப் பையில் குத்தியதும், தானே பையைத் தட்டில் வைத்தார். தன் பாதியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் மாட்டிக்கொண்டார். ரப்பர் திரை ஆடி அடங்கும்வரை பார்த்துவிட்டு, வாசல் மாதிரி நின்ற சட்டத்துக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போனார்.

பெண்களைத் திரைக்குப் பின்னால் தனியாகச் சோதித்தார்கள். அந்த இரண்டு நிமிஷம் அவர் அவள் கண்ணில் இல்லை. தடவிப் பார்க்கிறவள், "திரும்புங்க" என்றாள். திரும்பினாள். "கையைத் தூக்குங்க" என்றாள். தூக்கினாள். மனம் முழுக்க வெளியே இருந்தது. அவிழ்ந்த மடிப்பை அள்ளிச் செருகிக்கொண்டு ஓடிவந்தால், அவர் எங்கும் போகவில்லை. பை வந்து விழுகிற உருளைகளுக்குப் பக்கத்தில், கை இரண்டையும் பின்னால் கட்டி, கால்களை அகட்டி, டியூட்டியில் நின்றுகொண்டிருந்தார். கோட்டுப் போட்ட ஒரு கனவான் தன் பையில் கை வைத்தார்.

"டோக்கன் இருக்கா சார்?"

"வாட்? இது என் பை."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க."

கனவான் விழித்தார். அவள் பின்னாலிருந்து கும்பிடுகிற மாதிரி கையைக் காட்டினாள். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, விமான டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். "ம், போலாம்" என்றார் காவல்காரர்.

காக்கிப் பை வந்தது. ஆனால் நேரே வரவில்லை. உள்ளே ஏதோ இரும்பு தெரிகிறது என்று பக்கத்து வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே மேஜைக்குப் பின்னால் பருத்த சோதனைக்காரர் ஒருவர், கையுறை மாட்டிக்கொண்டு, "இது யார் பை?" என்றார்.

அவர் தன் பாதிச் சீட்டை எடுத்தார். பையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஊக்கு இருந்தது. ஊக்கில் மூக்குத்தி அளவு காகிதம் இருந்தது. மற்றது மெஷினுக்குள் எங்கோ கிழிந்து நின்றுவிட்டது.

"என் பையில சீட்டு இருக்கும். இதுல இல்லையே."

"சரி, உள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க. திறந்து பார்த்துக் குடுத்துடறேன்."

"அதான் முறை" என்று அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். "சீட்டு போனா, உள்ள இருக்கிறதைச் சொல்லணும்." வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

"ஒரு..." என்றார்.

ஐந்து நாளாக, ஒரு நாளைக்கு மூன்று தடவை, அவர் எடுத்து அடுக்கிய பை. அவர் உதடு அசைந்தது. விரல்கள் காற்றில் எதையோ எடுத்து வைத்தன. நெற்றியில் வேர்த்தது. அவளுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது, எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று. கொடுத்தால், என் பைக்குள் இருப்பது உனக்கெப்படித் தெரியும் என்று மறுபடி கத்துவாரோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கையைக் கீழே போட்டார். மேஜையிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார்.

"தெரியலை சார்" என்றார். "தெரியலைன்னா என்னுது இல்ல. குடுக்காதீங்க."

"பெரியவரே, நீங்கதானே இதைக் கொண்டு வந்தீங்க? நானே பார்த்தேனே."

"யார் கேட்டாலும் குடுக்காதீங்க. எனக்கே ஆனாலும் குடுக்காதீங்க. அதுக்குத்தான் நம்மள உட்கார வெச்சிருக்கு."

ஒலிபெருக்கியில் அவர்களுடைய விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்தது. சோதனைக்காரர் அவளைப் பார்த்தார். "யாரும் கேட்காத பையின்னா ஒதுக்குப்புறமா எடுத்து வெச்சுடணும்மா. அப்புறம் அது பெரிய விவகாரம்."

அவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நான் சொல்றேங்க. மேலாக ஒரு துண்டு, நாலா மடிச்சது. அதுக்கு அடியில சட்டை ரெண்டு. ஒண்ணுல ரெண்டாவது பட்டன் மட்டும் வேற நிறம், தைச்சது ஆம்பளைக் கை, நூலை நாலு சுத்து அதிகமாச் சுத்தியிருக்கும். அப்புறம் சோப்பு டப்பா. உள்ள சோப்பு இல்ல. ஆணி, திருகு, குட்டியா ஒரு திருப்புளி. நீங்க பார்த்த இரும்பு அதான். அப்புறம் டார்ச் லைட், பேட்டரியைத் தனியாக் காகிதத்துல சுத்தியிருக்கு. மூக்குக் கண்ணாடி, ஒரு பக்கம் காதுக்குப் பதிலா கயிறு."

சோதனைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே வந்தார். சட்டையில் பொத்தானைத் தடவிப் பார்த்தார்.

"அடியில ஒரு பொட்டலம்" என்றாள்.  "பச்சைத் துணி. மூணேகால் மீட்டர். பருத்தி, அகலம் கம்மி."

"பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"பிரிக்கலைங்க. மடிப்பைப் பார்த்தாலே தெரியும். மூணரை மீட்டர் இருந்தாத்தான் எனக்கு நைட்டி சரியா வரும். ஒவ்வொரு வருஷமும் கால் மீட்டர் குறைச்சுத்தான் வாங்குவார். எத்தனை சொன்னாலும் ஏறாது. கைப்பக்கம் ஒட்டுப் போட்டுத் தைச்சுப்பேன்."

பொட்டலத்தில் கடைச் சீட்டு இருந்தது. சோதனைக்காரர் அதைப் படித்தார். படித்துவிட்டு, சத்தமில்லாமல் மடித்து வைத்தார். திருப்புளியை மட்டும் எடுத்து ஒரு பெட்டியில் போட்டார்.

இவ்வளவையும் அவர் பக்கத்தில் நின்று கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஐந்து நாளில் முதல் தடவையாகச் சந்தேகமில்லாமல் பார்த்தார்.

"ஒண்ணு விடாமச் சொல்லிட்டாங்க" என்றார் சோதனைக்காரரிடம். "இந்த அம்மாவோடதுதான். குடுத்துடுங்க."

பை அவள் கைக்கு வந்தது. அவள் நினைத்ததைவிட லேசாக இருந்தது. நடக்கலாம் என்று திரும்பினாள்.

"நில்லுங்கம்மா. கையெழுத்துப் போடாமப் போறீங்களே."

"எதுலங்க?"

"நோட்டுல." சுற்றுமுற்றும் பார்த்தார். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "நோட்டு இங்கதானே இருக்கும்? சீட்டில்லாமப் பை குடுத்தா, வாங்கினவங்க கையெழுத்து வேணும். நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க." பதற்றம் ஏறியது. கடைசியில் வேறு வழி தெரியாமல், தன் வலது கையை விரித்து நீட்டினார்.

"இதுல போடுங்க. நான் அப்புறம் நோட்டுல ஏத்திக்கிறேன்."

அவள் இரண்டு பையையும் கீழே வைத்தாள். இடது கையால் அவர் விரல்களைத் தாங்கிக்கொண்டாள். ஊசி குத்திக் குத்திச் சொரசொரத்துப்போன ஆள்காட்டி விரலால் அந்த உள்ளங்கையில் தன் பெயரை எழுதினாள். மெதுவாகத்தான் எழுதினாள். அவளுக்குப் படிப்பு குறைவு. அதற்காக மட்டும் மெதுவாக எழுதினாள் என்று நான் சொல்ல மாட்டேன்.

அவர் உள்ளங்கையைக் கூர்ந்து பார்த்தார்.

"இனிஷியல் போடலையே."

அவள் அவர் பெயரின் முதல் எழுத்தை, தன் பெயருக்கு முன்னால் எழுதினாள். ஒரு புள்ளியும் வைத்தாள்.

"சரி. போலாம்" என்று அவர் கையை மூடிக்கொண்டார். மூடிய கையைத் தொங்கவிடாமல், நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி முன்னால் நடந்தார். அவள் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

விமானத்தில் அவருக்கு ஜன்னலோரம் கிடைத்தது. கிளம்பியதும் மேகம் வந்து ஜன்னலை மூடிக்கொண்டது. பணிப்பெண் தண்ணீர் கொண்டுவந்தபோது அவர் இடது கையை நீட்டினார். தம்ளர் ஆடி, சட்டையில் கொஞ்சம் சிந்தியது.

"அந்தக் கையாலயும் பிடிச்சுக்குங்க ஐயா. கையில என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒரு அம்மாவோட கையெழுத்து" என்றார். "ஆபீஸ்ல காட்டணும். அழியக் கூடாது."